மார்கழி மூட்டத்துல சேலம் – பெங்களூரு காலை விமானத்தை நம்பி டெல்லி டிக்கெட் போடலாமா?

அஸ்தம்பட்டிக்காரன் கேட்டது:

ஜனவரி இரண்டாவது வாரம் டெல்லி போகணும். காமலாபுரத்துல இருக்கற சேலம் விமான நிலையத்துல காலை விமானம் பிடிச்சு பெங்களூரு, அங்கே இரண்டரை மணி நேரம் கழிச்சு டெல்லி விமானம். தனித்தனியா போட்டா விலை குறையுதுன்னு ரெண்டும் வேற வேற டிக்கெட், வேற வேற கம்பெனி. இன்னும் பணம் கட்டலை. அதுக்கு முன்னாடி மூணு சந்தேகம்.

ஒண்ணு, டெல்லியில 50 மீட்டர் தெரிஞ்சாலே விமானம் இறங்குதாம். சேலத்துல ரெண்டு மூணு கிலோமீட்டர் நல்லா தெரியும்போதே ரத்துங்கறாங்களே, ஏன்? ரெண்டு, விடிகாலையில மொட்டை மாடியில நின்னு பார்த்து சேர்வராயன் மலை மறைஞ்சிருந்தா அன்னிக்கு விமானம் இல்லைன்னு எடுத்துக்கலாமா? மூணு, ரத்தானா டெல்லி டிக்கெட் காசு யார் தலையில விழும்?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏடிஆர்72 எழுதியது:

டெல்லி கணக்கையும் சேலம் கணக்கையும் முதலில் பிரித்துவிடுங்கள். எவ்வளவு தூரம் தெரிந்தால் இறங்கலாம் என்பதை மூடுபனி மட்டும் தீர்மானிப்பதில்லை. தரையில் உள்ள கருவி, விமானத்தில் உள்ள கருவி, விமானிகளின் பயிற்சி மூன்றும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். மூன்றில் எது குறைவோ அதன் அளவுதான் அன்றைக்குச் செல்லும்.

ஐஎல்எஸ் என்ற தரையிறங்கு கருவி உள்ள ஓடுபாதைகளில் தரம் பிரித்திருக்கிறார்கள். கேட் 1 (கேட் என்பது கேட்டகரி, அதாவது தரம்) என்றால் 200 அடி உயரம் வரை கருவியை நம்பி இறங்கலாம். அந்த உயரத்தில் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட வேண்டும், இல்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும். ஓடுபாதைப் பார்வைத் தூரம், அதாவது ஆர்விஆர், குறைந்தது 550 மீட்டர். கேட் 2-ல் 100 அடி, 300 மீட்டர். கேட் 3பி-யில் 50 மீட்டர் வரை போகலாம், ஆனால் அங்கே இறக்குவது ஆட்டோபைலட்தான், விமானி மேற்பார்வை. டெல்லியில் நீங்கள் கேள்விப்பட்டது இந்தக் கடைசி வகை. பெங்களூரில் 2019 டிசம்பரில் திறந்த தெற்கு ஓடுபாதைக்கும் கேட் 3பி வந்துவிட்டது. இறங்க 50, கிளம்ப 125 மீட்டர். அதற்கு முன் அங்கே இறங்க 550, கிளம்ப 300 தேவைப்பட்டது.

சேலத்து ஓடுபாதை 1,806 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஐஎல்எஸ் கிடையாது. ஐஎல்எஸ் இல்லாத இடத்தில் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று விஎஃப்ஆர், அதாவது கண்ணால் பார்த்தே ஓட்டுவது. அதற்குப் பார்வைத் தூரம் 5 கிலோமீட்டர், மேகத்தின் அடிமட்டம் 1,500 அடி இருக்க வேண்டும். சூரியன் உதிக்க 20 நிமிடத்துக்கு முன்னாலும் மறைந்து 20 நிமிடத்துக்குப் பின்னாலும் இந்த முறையில் பறக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. இன்னொன்று, செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஓடுபாதையை நெருங்கி வரும் முறை. அதில் குறைந்தபட்ச உயரம் பொதுவாக நானூறு அடிக்கு மேல்தான் வரும், பக்கத்தில் மலை இருந்தால் இன்னும் ஏறும். இங்கே ஓடுபாதைக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் ஏற்காடு நிற்கிறது. விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி, மலையுச்சி 5,300 அடிக்கு மேல். இறங்க முடியாமல் திரும்ப ஏறும் விமானம் அந்த மலையைத் தவிர்த்துத்தான் ஏற வேண்டும் என்பதால் கணக்கு தாராளமாகவே போடப்படும்.

இரண்டில் எந்த வழி என்றாலும், டெல்லியில் மெல்லிய மூட்டம் என்று பெயர் வாங்கும் 800 மீட்டர் இங்கே அன்றைய காலையையே முடித்துவிடும்.

5 கிலோமீட்டர் அதிகம் என்று தோன்றும். சேலத்துக்கு வந்து போகும் சிறிய ஏடிஆர் விமானம் இறங்க வரும் வேகம் சுமார் 115 நாட், அதாவது நொடிக்கு கிட்டத்தட்ட 60 மீட்டர். 5 கிலோமீட்டர் என்பது ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அதற்குள் ஓடுபாதையைக் கண்டுபிடித்து, நேர்க்கோட்டுக்கு வந்து, எதிரே வேறு விமானம் இல்லை என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குப் புரிவதில்லை. கீழே நிற்பவர் தலைக்கு மேலே நீல வானத்தைப் பார்ப்பார், ‘இது ஒரு மூட்டமா’ என்பார். மூட்டத்தின் தடிமன் 30 மீட்டர்தான் இருக்கும், நேர் மேலே பார்த்தால் ஊடுருவித் தெரியும். விமானி 3 டிகிரி சாய்வில் வருகிறார். அதே மூட்டத்தை நீளவாக்கில் பார்க்கிறார். 3,000 அடியில் வட்டமடிக்கும்போது ஓடுபாதை பளிச்சென்று தெரியும், கடைசி 100 அடியில் வெள்ளைக்குள் மூழ்கும். ‘மேலே வந்து சுற்றிவிட்டு இறங்காமலே போய்விட்டது’ என்ற புகாரில் பாதி இதுதான்.

அறிவிக்கப்பட்ட ஆர்விஆர் தேவையான அளவுக்குக் கீழே இருந்தால், விமானம் ஓடுபாதைக்கு 1,000 அடி உயரத்துக்குக் கீழே இறங்கவே கூடாது. ‘முயற்சி பண்ணிப் பார்க்கலாமே’ என்பதற்கு இடமில்லை.

தூறல் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். மலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஏற்காட்டு மூட்டமும் விமான நிலையம் இருக்கும் ஓமலூர்ப் பக்கத்து மூட்டமும் பிறப்பிலேயே வேறு.

ஏற்காட்டை மறைப்பது பெரும்பாலும் மேகம். கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. அல்லது சமவெளிக்கு மேலே ஏற்கெனவே நிற்கும் மேகத்துக்குள் மலை தலையை நுழைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு தோராயக் கணக்கு உண்டு. தரையில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வித்தியாசத்தில் ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடி அமையும். பகல் சூட்டில் எழும் மேகத்துக்குத்தான் இது சரியாகப் பொருந்தும் என்றாலும், ஒரு பிடி கிடைக்கும். வித்தியாசம் 8 டிகிரி என்றால் மேகத்தின் அடி சுமார் 1,000 மீட்டர். ஏற்காடு சேலத்துக்கு மேலே 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே கொண்டை ஊசி வளைவில் விளக்கு போட்டுத்தான் ஓட்ட வேண்டும். கீழே காமலாபுரத்தில் 8 கிலோமீட்டர் தெரியும், விமானம் வந்து போகும்.

தலைகீழாகவும் நடக்கும். அதுதான் விமானத்துக்கு வில்லன். இரவு வானம் தெளிவாக இருந்தால் தரை சூட்டை வேகமாக இழக்கிறது. மலைச்சரிவுகளில் குளிர்ந்த காற்று கனமாகி வழிந்து இறங்குகிறது. சேலம் வடகிழக்கே சேர்வராயன், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை என்று சூழ்ந்த கிண்ணம். சேர்வராயனில் பிறக்கும் சரபங்கா ஓமலூர் வழியாக ஓடுகிறது; வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு அந்தப் பக்கத்து ஏரிகளும் வயல்களும் ஈரம் குறையாமல் கிடக்கும். குளிர்ந்த காற்று அந்த ஈரத்தின் மேல் தேங்கினால் மூடுபனி. அதே நேரத்தில் ஏற்காட்டிலிருந்து பார்த்தால் உச்சியில் வெயில், கீழே பால் ஊற்றி வைத்தது போல் பள்ளத்தாக்கு. படம் எடுக்க அருமையான காலை, விமானம் பிடிக்க மோசமான காலை.

முந்தின நாள் இரவு 9 மணிக்கு நான்கு விஷயம் பாருங்கள். வானம் தெளிவா, ஒன்றிரண்டு நாளுக்குள் மழை பெய்ததா, வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் இடைவெளி 3 டிகிரிக்குள் வந்துவிட்டதா, காற்றின் வேகம் 2 முதல் 5 நாட் வரை இருக்கிறதா. நான்கும் ஆம் என்றால் மூட்டத்துக்குத் தயாராகுங்கள். காற்று அடியோடு நின்றுபோனால் பனித்துளியாகப் புல்லில் இறங்கிவிடும், அல்லது முழங்கால் உயரத்துக்கு மெல்லிய படலம் போடும். 10 நாட் வேகத்துக்கு மேல் அடித்தால் கலைந்துவிடும், அல்லது தாழ்ந்த மேகமாகத் தூக்கிக்கொள்ளும்.

சூரியன் வந்தால் சரியாகிவிடும் என்பதும் அரை உண்மைதான். ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பது 6:40 வாக்கில். முதல் வெயில் பட்டதும் தரையோரக் காற்று லேசாகக் கிளறப்பட்டு, புல்லில் இருந்த பனித்துளியும் ஆவியாகிச் சேர்ந்துகொள்ள, மூட்டம் அரை மணி நேரம் முன்பைவிடக் கெட்டியாகும். மோசமான நேரம் 6:30 முதல் 7:30 வரை. பிறகு கீழிருந்து விலகி மேலே எழும். அப்போது தரையில் 3 கிலோமீட்டர் தெரியும், ஆனால் 400 அடியில் மேகக்கூரை நிற்கும். ‘மூட்டம் போய்விட்டதே, இன்னும் ஏன் தாமதம்’ என்று கேட்கத் தோன்றும் நேரம் இது. பார்வைத் தூரத்தைப் போல மேகத்தின் அடிமட்டத்துக்கும் வரம்பு இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

பெங்களூரு விமான நிலையத்தின் வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கை அரை மணிக்கு ஒருமுறை வரும். நேரம் உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 00:30 என்றால் நமக்குக் காலை 6. எஃப்ஜி என்றால் 1,000 மீட்டருக்குக் குறைவான மூடுபனி. பிஆர் என்றால் 1,000 முதல் 5,000 வரை ஈரமூட்டம். எச்இசட் உலர்ந்த புழுதி மூட்டம், எஃப்யூ புகை. எம்ஐஎஃப்ஜி என்று வந்தால் தரையோடு படிந்த மெல்லிய படலம், பிசிஎஃப்ஜி என்றால் திட்டுத்திட்டாக. ஆர் என்று தொடங்கி ஓடுபாதை எண்ணோடு வரும் தொகுதிதான் ஆர்விஆர், பொதுவாக 1,500 மீட்டருக்குக் கீழே போனால்தான் அது அறிக்கையில் தலைகாட்டும். அதை அளக்கும் கருவியில் நம் நாட்டுத் தயாரிப்பும் உண்டு, திருஷ்டி என்று பெயர். பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் வானிலைத் துறையோடு சேர்ந்து செய்தது.

நீங்கள் சொல்லும் ஜனவரி இரண்டாவது வாரத்தில் போகி வருகிறது. அன்றைக்குப் புகைத்துகள்களின் மேல் நீர் படிந்து சாதாரண ஈரமூட்டமே கெட்டி மூட்டமாகிவிடும். 2018 போகியன்று சென்னையில் காலை விமானங்கள் வரிசையாகப் பாதிக்கப்பட்டது இதனால்தான். போகியன்றும் மறுநாளும் தேதி போடாதீர்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:

ரெண்டு பேருக்கும் நன்றி. மலையை இனிமே பார்க்கலை. ஆனா பெங்களூருல கேட் 3பி இருக்குன்னா, அந்தப் பக்கம் பிரச்சினை இல்லைதானே? கிளம்புற ஊர் மட்டும் தெளிவா இருந்தா போதுமா?

ஏடிஆர்72:

போதாது. மூன்று காரணம்.

முதலாவது, பெங்களூரில் கேட் 3பி இருப்பது ஓடுபாதைக்கு. சேலத்துக்கு வந்து போவது ஏடிஆர் 72. அதில் ஏ320 ஜெட் மாதிரி தானாகத் தரையிறங்கும் வசதி கிடையாது. ஆர்விஆர் 100 மீட்டர் என்றால், பயிற்சி பெற்ற விமானிகள் ஓட்டும் பெரிய ஜெட் இறங்கும். அதே வரிசையில் பின்னால் வரும் உங்கள் ஏடிஆர் வட்டமடிக்கும் அல்லது வேறு ஊருக்குப் போகும்.

இரண்டாவது, மூட்டத்தில் பெரிய விமான நிலையமே மெதுவாகிவிடும். குறைபார்வை நடைமுறை அறிவித்ததும், கிளம்பக் காத்திருக்கும் விமானங்கள் ஓடுபாதையிலிருந்து இன்னும் தள்ளி நிற்க வேண்டும், அவற்றின் உலோக உடல் ஐஎல்எஸ் அலையைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக. இறங்கிய விமானம் அந்தப் பகுதியை விட்டு முழுதாக விலகிய பிறகே அடுத்தது வரலாம், அதனால் இரண்டு விமானங்களுக்கு நடுவே இடைவெளி கூட்டப்படும். விமானங்கள் தரையில் உருண்டு போகும் டாக்ஸிவேயில் மாட்டுவண்டி வேகம். ரத்தே இல்லாவிட்டாலும் வரிசை நீளும்.

மூன்றாவதுதான் சேலம்காரர்களை அதிகம் அடிப்பது. சேலத்திலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் சற்று முன்பு வேறு ஊரிலிருந்து வந்து இறங்கிய அதே விமானம். அந்த ஊரில் மூட்டம் என்றால், சேலத்தில் வெயில் அடித்தாலும் உங்களுக்கு விமானம் இல்லை. ஒரே ஏடிஆர் ஒரு நாளில் ஐந்தாறு ஓட்டம் ஓடும். காலை ஒன்றரை மணி நேரம் நழுவினால் அது மாலை வரை தொடரும், விமானிகளின் பணிநேர வரம்பு வேறு முட்டும். அப்போது நடுவில் ஒரு ஊரை வெட்டிவிட்டு அட்டவணையை நேர் செய்வார்கள். வெட்டுப்படுவது குறைவான பயணிகள் உள்ள சிறிய ஊராகத்தான் இருக்கும். சிறிய நிலையங்களுக்குப் பணிநேரம் என்று ஒன்று அறிவித்திருப்பார்கள், தாமதமாக வரும் விமானம் அதற்குள் அடங்க வேண்டும்.

எரிபொருள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரு நிலையத்திலிருந்து காமலாபுரம் நேர்க்கோட்டில் 160 கிலோமீட்டர்தான். ஆனாலும் பயணத்துக்கு வேண்டியது, எதிர்பாராததற்கு ஒரு பங்கு, மாற்று நிலையத்துக்குப் போக வேண்டியது, அதன் பிறகும் 30 நிமிடம் வட்டமடிக்க வேண்டியது என்று எல்லாம் ஏற்றித்தான் கிளம்ப வேண்டும். சேலத்துக்கு மாற்று கோயம்புத்தூர் 140 கிலோமீட்டர், திருச்சி 130. வட்டமடிக்கக் கூடுதலாக எரிபொருள் ஏற்றினால் எடை கூடும், 1,806 மீட்டர் ஓடுபாதையில் இறங்கும் எடைக்கும் வரம்பு உண்டு. அதனால் சேலத்தின் மேல் ஒரு மணி நேரம் சுற்றிக் காத்திருப்பது நடைமுறையில் இல்லை. பெங்களூரிலேயே தரையில் காத்திருந்து, சேலம் தெளிந்த பிறகு கிளம்புவார்கள்.

கிளம்புவதற்கும் நிபந்தனை உண்டு. ஏறின ஊரிலேயே திரும்ப இறங்க முடியாத அளவுக்கு வானிலை மோசமாக இருந்தால், ஒற்றை இன்ஜினில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய வேறொரு நிலையம் திறந்திருக்க வேண்டும். இரண்டு இன்ஜின் விமானங்களுக்கான விதி இது.

ஜாகீர்_அம்மாபாளையம் எழுதியது:

இவ்வளவு சிக்கலுக்குப் பதிலா சேலத்துலயே ஒரு ஐஎல்எஸ் வச்சுட்டா தீர்ந்தது. ஏன் வைக்க மாட்டேங்கறாங்க?

ஏடிஆர்72:

பெட்டியை வாங்கி வைத்துவிட்டால் முடிகிற வேலை இல்லை சார். கருவியை நம்பி இறங்கும் ஓடுபாதைக்கு இரண்டு பக்கமும் சமதளமான வெற்று நிலம் வேண்டும். இந்த நீளத்துக்கு மொத்த அகலம் 280 மீட்டர், நடுக்கோட்டிலிருந்து 140, 140. ஓடுபாதைக்கு முன்னால் 900 மீட்டருக்கு அணுகு விளக்குகள் நட வேண்டும். மறுமுனைக்கு அப்பால் ஓடுபாதையின் நடுக்கோட்டை விமானத்துக்குக் காட்டும் லோக்கலைசர் கம்பங்கள், அவற்றுக்கு முன்னால் கட்டடமோ மரமோ குறுக்கிடாத நிலம். எல்லாம் நிலம் எடுப்பில் வந்து நிற்கும். அதையெல்லாம் செய்து கேட் 1 கிடைத்தாலும் அது 550 மீட்டர் வரைதான். ஈரமூட்டத்துக்கும் புகைக்கும் நல்ல தீர்வு. தூறல் சொன்ன பால் ஊற்றின காலையில் 200 மீட்டர்தான் தெரியும் என்றால் கேட் 1 ஓடுபாதையும் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஐந்து_ரோடு_டிராவல்ஸ் எழுதியது:

மூணாவது கேள்விக்குப் பதில் யாரும் சொல்லலையே தம்பி, நான் சொல்றேன்.

மூட்டத்தால ரத்துன்னா இழப்பீடு கிடையாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏ விதியில வானிலை விமானக் கம்பெனி கையில இல்லாத காரணம். ஆனா ரத்தான டிக்கெட்டுக்கு முழுப்பணம் திரும்ப, இல்லைன்னா மாற்று விமானம், ரெண்டுல ஒண்ணு கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. பேசுறதெல்லாம் அந்தந்த டிக்கெட் அளவுக்குத்தான். சேலம் விமானம் ரத்தானா சேலம் காசு வரும். டெல்லி கம்பெனிக்கு நீங்க வராத பயணி, அவ்வளவுதான். ஒரே பிஎன்ஆர்ல சேலம் – பெங்களூரு – டெல்லி போட்டிருந்தா மொத்தப் பயணத்துக்கும் அவங்க பொறுப்பு, அடுத்த விமானத்துல ஏத்தி விடணும். மூட்ட சீசன்ல அந்த விலை வித்தியாசத்தை இன்சூரன்ஸ்னு நினைச்சுக் கட்டுங்க.

தனித்தனியா போட்டா இன்னொரு தொந்தரவு. லக்கேஜ் நேரா டெல்லிக்குப் போகாது. பெங்களூருல பெல்ட்ல எடுத்து, வெளியே வந்து, மறுபடியும் கவுண்டர்ல போடணும். உள்நாட்டு கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடியே மூடிடும். டெர்மினல் 1, 2 மாறினா ஷட்டில் பஸ் வேற. உங்க இரண்டரை மணி நேரத்துல கையில மிஞ்சுறது முக்கால் மணி நேரம்கூட இருக்காது. மூட்டமே இல்லாத நாள்லயும் நான் அப்படிப் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

சேலம் விமானம் தாமதம்னு தெரிஞ்ச நிமிஷமே டெல்லி டிக்கெட்டைத் தேதி மாத்தப் பாருங்க. கிளம்புற நேரம் தாண்டிட்டா நோ-ஷோ, வரி தவிர எதுவும் தேறாது. 2024 ஜனவரியில வந்த வழிகாட்டுதல்படி மூணு மணி நேரத்துக்கு மேல தாமதமாகும்னு தெரிஞ்சா கம்பெனிகள் முன்கூட்டியே ரத்து பண்ணலாம். அதனால மெசேஜ் ராத்திரியே வந்தாலும் வரும். டிக்கெட்ல ஏஜென்ட் நம்பரைப் போடாம உங்க சொந்த நம்பரைப் போடச் சொல்லுங்க, மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் போகும்.

ரோட்டுல போறதுன்னா தொப்பூர், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியா பெங்களூரு ஊருக்குள்ள 200 கிலோமீட்டர், தேவனஹள்ளி விமான நிலையம் இன்னும் ஒரு 40. அஞ்சு மணி நேரம் வச்சுக்கங்க, ஓசூர் – சில்க் போர்டு காலை நெரிசல்ல மாட்டினா ஆறு. ஆகாயத்துல மூட்டம்னா தொப்பூர் கணவாயிலயும் மூட்டம் இருக்கும், அதையும் மனசுல வச்சுக்கங்க. ஏழு மணிக்கு ரத்துன்னு மெசேஜ் பார்த்துட்டு டாக்ஸி பிடிச்சா மதியம் ஒரு மணிக்கு மேல கிளம்புற டெல்லி விமானம்தான் கிடைக்கும்.

அஸ்தம்பட்டிக்காரன்:

புரிஞ்சுதுங்க. முதல் நாள் சாயங்காலம் ரயில்ல பெங்களூரு போய்த் தங்கிட்டு, மறுநாள் மதியம் டெல்லி விமானம் போடறேன். திரும்பி வரும்போது மட்டும் டெல்லியில காலையில கிளம்பி, பெங்களூரு வந்து, சாயங்கால விமானத்துல சேலம். சாயங்காலம் மூட்டம் இருக்காதில்ல?

தூறல்:

இங்கே சாயங்காலம் இருக்காது. பகல் வெயிலில் தரை சூடாகிவிடும், நீங்கள் கவனிக்க வேண்டியது டெல்லியைத்தான். அங்கே ஜனவரியில் நள்ளிரவிலிருந்து காலை 10 மணி வரை கெட்டி மூட்டம் சாதாரணம். சூரியன் தாழ்ந்து வருவதாலும் மூட்டத்தின் தடிமன் அதிகம் என்பதாலும் சில நாள் மதியம் வரைகூடக் கலையாது. காலை விமானத்துக்குப் பதில் 12 மணிக்கு மேல் கிளம்புவதைப் பாருங்கள்.

ஏடிஆர்72:

12 மணிக்கு மேல் கிளம்பினால் பெங்களூரு வர மூன்று மணியாகிவிடும், சாயங்கால ஏடிஆருக்கு இடைவெளி போதாது. ஒரே பிஎன்ஆரில் கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் இரவு ரயில் மேல். விமானம்தான் என்று முடிவெடுத்தால், அன்றைக்கு மதியம் சேலம் விமானத்தின் எண்ணைப் பார்க்காமல், அந்த விமானத்தின் முந்தின ஓட்டம் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். பறப்பதைக் காட்டும் செயலிகளில் விமானத்தின் பதிவெண் இருக்கும், விடி என்று தொடங்கும். அதை அழுத்தினால் காலையிலிருந்து அது ஓடிய ஓட்டமெல்லாம் வரும். முதல் ஓட்டமே இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால், அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ரயிலில் ஒரு இடம் பிடித்து வையுங்கள்.